மூன்றாம் வரிசைக் கன்றுகள்

ஒரு மரத்தின் பெயரைக் கெடுத்தவள் நான். மனிதர்களின் பெயரைக் கெடுக்க எங்கள் தெருவில் ஆளுக்குப் பஞ்சமில்லை. மரத்துக்கு நான் ஒருத்திதான்.

எழுபதுகளின் கடைசியில், நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை. ஆரணியில் அப்பா பட்டு நூலுக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தார். அம்மாவின் தம்பி, என் மாமா, வனத்துறையின் மர ஆராய்ச்சியில் உதவியாளர். ஜவ்வாது மலையில் மழை குறைந்து, வேங்கைக் கன்றுகள் தலையெடுக்காமலே கருகிக்கொண்டிருந்தன. எந்தத் தாய்மரத்தின் விதை வெயிலைத் தாங்கும் என்று பார்ப்பது மாமாவின் வேலை. வெயிலுக்கு எங்கள் ஊரை விட்டால் வேறு ஊர் ஏது? மூன்று மரங்களின் விதைகளைப் பைகளில் முளைக்கவைத்து, எங்கள் வீட்டுப் புழக்கடையில் மூன்று வரிசையாக அடுக்கினார்.

மூன்றாம் வரிசை, உச்சிப் பாறையிடுக்கில் தனியாக நின்ற ஒரு கிழ மரத்தின் பிள்ளைகள். சித்திரையில் மற்ற இரண்டு வரிசையும் துவண்டபோது அது மட்டும் பச்சென்று நின்றது. மாமாவுக்கு வாயெல்லாம் பல். "இதுதாங்க்கா பொழைக்கும் போல கீது" என்று அம்மாவிடம் ஒரு நாளைக்கு நாலு தரம் சொன்னார்.

மறுபடி மலைக்குப் போனபோது, பத்து நாளைக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை என்னிடம் விட்டுப் போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பெருமை இரண்டு நாள் இருந்தது. கிணறு வற்றிவிட்டதால், ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடத்தில் கொண்டுவர வேண்டும். இரண்டு வரிசைக்கு ஊற்றுவதற்குள் குடம் காலியாகிவிடும். மூன்றாம் வரிசைக்காக அந்தச் சுடுமணலில் இன்னொரு நடை போக வேண்டும்.

அந்த வரிசைக்குப் பக்கத்திலேயே அப்பா பட்டு வேகவைக்கும் அண்டா இருந்தது. நூலின் பசை போவதற்காகச் சோப்பும் சோடா உப்பும் போட்டு வேகவைத்த தண்ணீர், சாயங்காலம் அதில் ஆறிக் கிடக்கும். எப்படியும் சாக்கடைக்குப் போகிற தண்ணீர்தானே என்று மொண்டு ஊற்றினேன். நல்ல யோசனை என்று என்னை நானே மெச்சிக்கொள்ளவும் செய்தேன்.

ஐந்தாம் நாள் இலை ஓரம் பழுத்தது. பயந்துபோய் ஆற்றுத் தண்ணீருக்கு மாறினேன். மாமா திரும்பி வருவதற்குள் எல்லாம் சருகாகிவிட்டது.

அவர் திட்டவில்லை. கன்றுகளுக்கு முன்னால் வெகுநேரம் குந்தியிருந்தார்.

"டெய்லி தண்ணி ஊத்தினியா பாப்பா?"

"ஊத்திகினுதான் இருந்தேன் மாமா."

பொய்யில்லையே என்று மனதுக்குள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அம்மாவும், நான் ஒரு நாள்கூட விடவில்லை என்று எனக்காகப் பரிந்து பேசினாள். மாமா என் தலையைத் தடவிவிட்டு நோட்டை எடுத்தார். "மூன்றாம் மரம்: வெயில் தாங்கவில்லை" என்று எழுதினார். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

அடுத்த வருடம் விதை எடுக்க அவர் அந்த மரத்திடம் போகவில்லை. அதற்கும் சில வருடங்கள் கழித்து மலையில் பாதை போட்டார்கள். காப்பாற்ற வேண்டிய தாய்மரங்களின் பட்டியலில் அது இல்லை, வெட்டிவிட்டார்கள். மாமா எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே அதைச் சொன்னார். "நல்ல மரம். அதோட புள்ளைங்கதான் தாங்கல." அப்போது நான் கல்லூரியில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தேன், எது எதைக் கொன்றது என்று எனக்குத் தெரியும். அவர் இலையில் ரசம் ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டேன். அந்த நோட்டை நம்பியபடியே மாமாவும் போய்ச் சேர்ந்தார். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அன்று புழக்கடையில் மாமா என்னைத்தான் விசாரிக்கிறார் என்று நினைத்து, அடி விழாமல் தப்பிக்க ஒரு பதிலைச் சொன்னேன். அவர் கேட்டது அந்த மரத்தைப் பற்றி என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.