அந்தச் சொம்புத் தண்ணீர்

தொண்ணூற்றெட்டில் அரியலூர் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரி மோதி என் கணவர் இறந்தார். டிரைவர் ஜெயிலுக்குப் போனான். எனக்கு அது போதவில்லை. தினமும் குடும்ப ஜெபத்தில், "ஆண்டவரே, நியாயத்தீர்ப்பு நாளில் அவனை விட்டுடாதீங்க" என்று பிள்ளைகளையும் சொல்லவைத்தேன்.

ஒருநாள் குன்னத்தில் பருத்தி எடுக்கப் போனபோது வெயிலில் எனக்குத் தலை சுற்றியது. அந்த டிரைவரின் மனைவியும் அங்கே வேலைக்கு வந்திருந்தாள். அவள்தான் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். தட்டிவிட்டேன்.

"ஒம் புருசனுக்குக் கடவுள் கூலி குடுப்பாரு!"

அவள் குனிந்து சொம்பை எடுத்தாள்.

"குடுக்கட்டும்க்கா. அன்னைக்கு வண்டிய ஓட்டுனது லாரி மொதலாளி மவன். மெரட்டி எங்க வூட்டுக்காரர் மேல பழியப் போட்டுட்டாங்க. யாரு நம்புவா? சாமி ஒருநா நியாயம் கேக்கும்னுதான் உசுரோட இருக்கோம்."

என்னை நம்பச்சொல்லி அவள் கெஞ்சவில்லை. அதனாலேயே நம்பினேன்.

அன்று மாலை ஜெபத்தில் சின்ன மகள் வழக்கம்போல, "அவனை விட்டுடாதீங்க" என்று ஆரம்பித்தாள். அவள் வாயைப் பொத்தினேன்.

ஆண்டவர் கண்ணுக்கு எந்த அநியாயமும் தப்பாது. அதுதான் இன்றும் என் நம்பிக்கை. ஆனால், அந்த நியாயத்தீர்ப்பு நாளில் தட்டிவிட்ட சொம்புத் தண்ணீருக்கு நானும் பதில் சொல்ல வேண்டும்.