இரண்டாம் ஓலைக்கும் மூன்றாம் ஓலைக்கும் நடுவில்

லேபிள் இல்லாத புட்டியைச் சகாயம்மாள் யாரையும் தொடவிட்டதில்லை. "இது நைட்ரிக்தான், எனக்குத் தெரியும்" என்று பேராசிரியரே சொன்னாலும், "எழுதி ஒட்டிட்டு எடுங்க சார்" என்பாராம். உடைந்த பியூரெட்டுக்குக் கையெழுத்துக் கேட்டால், துண்டுகளைக் கண்ணால் பார்த்த பிறகுதான் போடுவார். கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் முப்பத்து நான்கு வருடம் அட்டெண்டர். என் அம்மா சத்யபாமா அதே துறையில் பாடம் எடுத்தாள். இதெல்லாம் அவள் சொல்லித் தெரிந்தவை.

அப்படிப்பட்டவர், ஓய்வுபெற்ற 2022 ஜூன் மாதத்தில், பதினான்கு இடத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார்.

காகிதத்தை நீட்டியவர் ஸ்டீபன்ராஜ். காட்டூரில் இருவரும் ஒரே மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். ஞாயிறு பூசையில் பாடுகிறவர், வங்கியில் வேலை. சகாயம்மாளின் கணவர் இருதயநாதன் இறந்தபோது சவப்பெட்டிக்கு முன்பக்கம் தோள் கொடுத்தவர். "அஞ்சு வருஷ டெபாசிட்க்கா. முடிஞ்சா வட்டியோட பிரான்சி பேருக்கு வந்துரும்" என்றார். சகாயம்மாளின் வேலைக்குப் பென்ஷன் கிடையாது. ஓய்வின்போது மொத்தமாக வந்தது ஆறு லட்சம். அதை அப்படியே கொடுத்தார்.

பிரான்சி அவருடைய ஒரே மகள். முப்பத்து மூன்று வயது. பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. புடவைக்கு ஃபால்ஸ் தைப்பாள். அம்மாவுக்குப் பிறகு அவளுக்கென்று இருந்தது அந்த ஆறு லட்சம்தான்.

அடுத்த ஜூனில் இன்னொரு ஆறு லட்சம் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. டெபாசிட் என்று நம்பியது பத்து வருட ஆயுள் காப்பீடு; ஒவ்வொரு வருடமும் அதே தொகை கட்ட வேண்டும், நிறுத்தினால் கட்டியதும் போகும். சகாயம்மாள் காப்பீட்டு நிறுவனத்துக்குப் புகார் எழுதினார். 2023 செப்டம்பர் 12 அன்று பதில் கைக்கு வந்தது: கையெழுத்து உங்களுடையது, புகார் நிராகரிக்கப்படுகிறது. கடைசி வரியில், தமிழிலேயே, திருப்தி இல்லையென்றால் ஒரு வருடத்துக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம் என்று இருந்தது.

அவர் முறையிட்டது 2024 அக்டோபர் 21. கெடு தாண்டிவிட்டது என்று மனு திரும்பி வந்தது.

நான் ஊர் திரும்பி மூன்று வாரம்கூட ஆகியிருக்காது. எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. அடுத்த பயணத்துக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த 2025 ஜனவரி நாளொன்றில் சகாயம்மாள் ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு வந்தார். துணிக்கடைப் பிளாஸ்டிக் பையில் காகிதங்கள்.

"மேடம், பாப்பா வந்துருக்குன்னு சொன்னாங்க. இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் எழுதித் தரணும்."

"எழுதிக் குடுடீ. ஊரெல்லாம் சுத்தினவளுக்கு ஒரு லெட்டர் எழுதத் தெரியாதா?" என்றாள் அம்மா. "சகாயம், நீங்க மொதல்ல காபி சாப்பிடுங்கோ."

நான் விதிகளைப் படித்தேன். ஒரு கதவு இருந்தது. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால், நிறுவனத்தின் ஆட்சேபத்தையும் கேட்டுவிட்டு, குறைதீர்ப்பாளர் அதை மன்னித்து மனுவை எடுத்துக்கொள்ளலாம்.

"கெடு எப்போன்னு உங்களுக்குத் தெரியுமா சகாயம்மா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் அனுப்பல?"

அவர் காபியைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்து, ஒரு குரல் செய்தியைப் போட்டார். கெடுவுக்கு ஆறு நாள் முன்பு, செப்டம்பர் 6 அன்று வந்தது. ஸ்டீபன்ராஜின் குரல். நல்ல குரல்.

"அக்கா, நாளக்கழிச்சு ரெண்டாவது ஓலை. இப்பப் போயி நீங்க மெட்ராஸுக்கு எழுதுனா பேங்க்ல என்கொயரி வரும். மாப்ள சித்தப்பாவும் எங்க பேங்க்லதான் இருக்காரு, தெரியும்ல? நானே சொல்லி ஏமாத்துன மாதிரி ஆயிரும். மூணாவது ஓலை தாண்டட்டும்க்கா. டெபாசிட்னு நான்தானே சொன்னேன், நானே முடிச்சுத் தரேன். பிரான்சி எனக்கும் பொண்ணுதானே."

கத்தோலிக்கர்களுக்குள் கல்யாணம் நிச்சயமானால், தொடர்ந்து மூன்று ஞாயிறு பூசையில் பெண், மாப்பிள்ளை பெயரை வாசிப்பார்கள். அதுதான் ஓலை. தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கலாம். ஸ்டீபன்ராஜ் மகளுக்கு செப்டம்பர் 1, 8, 15. கல்யாணம் 18. கெடு வியாழக்கிழமை 12.

அதற்கு முந்தைய ஒரு வருடமும் ஸ்டீபன்ராஜால் இப்படித்தான் போயிருந்தது. கிறிஸ்துமஸுக்குள் முடித்துத் தருகிறேன் என்றாராம். பிறகு தவக்காலம், மகளுக்குக் கல்யாணப் பேச்சு நடக்காது, ஈஸ்டர் போகட்டும் என்றாராம். கல்யாணம் முடிந்து பத்து நாள் கழித்துக் கேட்டபோது, "கெடுதான் முடிஞ்சிருச்சேக்கா, இனிமே என்ன பண்றது?" என்றாராம்.

"இந்தச் செய்தியே போதும் சகாயம்மா. அவரே ஒத்துக்கிறாரே" என்றேன்.

"போதும்தான்" என்றார் சகாயம்மாள். போனைப் பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டார்.

அடுத்த வாரம் குரல் செய்திகளைப் பிரதியெடுக்கக் காட்டூர் போயிருந்தேன். பிரான்சி தையல் மெஷினில் இருந்தாள். ஸ்டீபன்ராஜ் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வாசலில் நின்றார். அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"உள்ள வாயேன், என்ன புதுசா?" என்றார் சகாயம்மாள்.

"இருக்கட்டும்க்கா." என்னைப் பார்த்தார். "நீங்கதான் எழுதித் தர்றீங்களா? நல்லா எழுதுங்க. நானும் கேஸ் தெறக்கணும்னுதான் சொல்றேன். டைபாய்டு, மூணு மாசம் படுக்கைன்னு போடுங்க. டாக்டர் சர்டிபிகேட் நான் வாங்கித் தரேன். என் பேரு மட்டும் வேணாம்."

"காசு நீயே தரேன்னியே ஸ்டீபா?"

"எங்கக்கா, சீருக்கே எல்லாம் போயிருச்சு."

"சீர் நல்லாத்தான் இருந்துச்சு. நானும் வந்து பிரியாணி சாப்பிட்டேனே."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "வேலை போயிரும்க்கா. அம்பத்தி மூணு வயசுல எங்க போவேன்? பொண்ணு மூணு மாசம் முழுகாம இருக்கு. அந்த வீட்ல அவளத்தான் கேப்பாங்க."

பிரான்சி மெஷினை நிறுத்திவிட்டு, வந்தவரைப் பார்த்துச் சிரித்துக் கைகூப்பினாள். ஸ்டீபன்ராஜும் கைகூப்பிவிட்டுப் போனார்.

உண்மையைச் சொன்னால், எனக்கு அந்தச் சர்டிபிகேட் பெரிய தப்பாகத் தெரியவில்லை. பல ஊர்களில் பல காகிதங்களை அப்படித்தான் நகர்த்தியிருக்கிறேன். அதைச் சொல்லவும் செய்தேன்.

"ரிட்டையர் ஆனதுலேர்ந்து தில்லை நகர் லேப்ல டெஸ்ட் டியூப் கழுவப் போறேன் பாப்பா. அந்தக் கெடு வருஷம் ஒரு நாள் லீவு போடல. ரிஜிஸ்டர்ல கையெழுத்து இருக்கு. அத அவங்க எடுத்துட்டா?" காகிதங்களை அடுக்கிக்கொண்டே சொன்னார். "இன்னொண்ணு. டெபாசிட்னு யாரு சொன்னாங்கன்னு கேப்பாங்கல்ல? அப்ப நான் யாரு பேரச் சொல்றது?"

அன்று மனு எழுதினோம். அவர் தமிழில் சொல்ல, நான் ஆங்கிலத்தில் தட்டினேன். முதலில் 'வங்கி ஊழியர் ஒருவர்' என்று போடச் சொன்னார். இரண்டு பக்கம் தாண்டியதும் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து, "பேரையே போட்டுரு" என்றார்.

ஏப்ரலில் வீடியோவில் விசாரணை வைத்தார்கள். நெட் ஒழுங்காகக் கிடைக்கும் என்று எங்கள் வீட்டுக்கே வந்தார். கல்லூரிக் காலத்துக் கஞ்சி போட்ட பருத்திப் புடவை. பிரான்சியைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார். நிறுவனத்தின் பக்கத்தில் ஒரு இளைஞர் சுருக்கமாகப் பேசினார். மனுதாரர் எழுதப் படிக்கத் தெரிந்தவர். கெடு அவருக்குத் தெரியும். தெரிந்தே தாமதித்தவருக்குச் சலுகை கூடாது.

குறைதீர்ப்பாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "கெடு தேதி உங்களுக்குத் தெரியுமாம்மா?"

தெரியாது என்று சொன்னால் போதும். நான் திரைக்கு வெளியே உட்கார்ந்து அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

"தெரியும் சார். அந்த வரிய நாலஞ்சு தடவ படிச்சேன்."

"அப்புறம்?"

"ஓலை வாசிச்சிட்டிருந்தாங்க சார்."

அவருக்குப் புரியவில்லை. சகாயம்மாள் விளக்கினார். "யாரோ பொண்ணு கல்யாணத்துக்கு நீங்க ஏன் காத்திருக்கணும்?" என்றார் அவர். கோபமில்லை; கேட்டார், அவ்வளவுதான்.

சகாயம்மாள் பிரான்சி பக்கம் திரும்பாமல், திரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"இவளுக்கும் ஓலை வாசிச்சாங்க சார். எட்டு வருஷத்துக்கு முன்னாடி. மாப்ளைக்கும் காது கேக்காது, ஒத்துப்போச்சு. ரெண்டு ஓலை வாசிச்சாங்க. நடுவுல யாரோ போயி, பொறக்குற புள்ளையும் ஊமையாத்தான் பொறக்கும்னு அவங்க வீட்ல சொல்லிட்டாங்க. மூணாவது ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போயி உக்காந்திருந்தோம். இவ புதுப் புடவை கட்டியிருந்தா. சாமியார் வேற பேரெல்லாம் வாசிச்சாரு. இவளுக்குக் கேக்காதுல்ல, எல்லாரையும் பாத்துச் சிரிச்சிட்டே இருந்தா."

இது எனக்கும் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது, சமையலறை வாசலில் நின்றவள் உள்ளே போய்விட்டாள்.

"அந்த யாரோ நானா இருக்கக் கூடாதுன்னு நெனச்சேன் சார். அதான்."

அந்த இளைஞர் தமது காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். குரல் செய்தியைப் போடச் சொன்னார்கள். ஸ்டீபன்ராஜின் குரல் எங்கள் கூடத்தில் இரண்டு முறை ஒலித்தது.

உத்தரவு வருவதற்கு முன்பே வங்கியில் அவரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். ஞாயிறு பூசையில் இப்போது வேறொருவர் பாடுகிறார். அவருடைய மனைவி லிசி, சகாயம்மாள் உட்காரும் பெஞ்சிலிருந்து எழுந்து போய்ப் பின்னால் நின்றுகொண்டாராம். பூசை முடிந்து வெளியே வரும்போது, "ஒரு வருஷம் பொறுத்தவங்க, சாகுற வரைக்கும் பொறுத்திருக்கலாம்ல" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாராம். பிரான்சி லிசியைப் பார்த்தும் சிரித்தாளாம்.

ஜூன் முதல் வாரத்தில் உத்தரவு வந்தது. சகாயம்மாள் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் நின்றபடியே வந்திருந்தார், கால் வீங்கியிருந்தது. நான் உரக்கப் படித்தேன். தாமதம் மன்னிக்கப்படுகிறது. புகார் விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. பணம் திரும்புமா என்பது இனிமேல்தான். நிறுவனம் எதிர்வாதம் செய்யும், மாதங்கள் ஆகலாம்.

"தெறந்துட்டாங்க சகாயம்மா" என்றேன்.

அவர் காகிதத்தை வாங்கி, தெரிந்த ஆங்கில எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினார்.

"இதுல அவன் பேரு எத்தன எடத்துல இருக்கு?"

எண்ணினேன். "ஒன்பது."

தலையசைத்தார். புடவை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"சரி. அடுத்த விசாரணை என்னைக்குன்னு சொல்லு. லேப்ல லீவு சொல்லணும்."