அந்தக் கடலின் மீன்

தம்பியைக் கூட்டிக்கொண்டு வரத்தான் நான் நார்வேக்குப் போனேன். "அழுதாலும் சரி, அடிச்சாலும் சரி, கையோட இட்டுக்கினு வந்துடு" என்று சொல்லி, எங்கள் ஊர் கோவில்பதாகையில் வீட்டு வாசலில் வைத்துப் புளியும் குழம்பு மிளகாய்த்தூளும் கட்டிய பொட்டலத்தை அம்மா என் பைக்குள் திணித்தாள்.

தம்பியும் அவன் சிநேகிதனும் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்தே ஒட்டித் திரிந்தவர்கள். சிநேகிதனின் வீடு கொரட்டூரில். மேல்படிப்புக்குச் சேர்ந்தே போய், அந்த நாட்டின் வடகோடிக் கடலோரத்தில் ஒரு மீன் ஆலையில் சேர்ந்தே வேலையில் அமர்ந்தார்கள். லீவு நாளில் சின்னப் படகில் மீன் பிடிப்பார்கள், மலை ஏறுவார்கள். பனி உச்சியில் இருவரும் பல் தெரியச் சிரிக்கும் படங்கள் எங்கள் போனுக்கு வந்துகொண்டே இருக்கும். போன வருஷம் குளிர் தொடங்கும் சமயத்தில் ஓர் அலை அந்தப் படகைக் கவிழ்த்தது. பின்னால் வந்த படகுக்காரர் தம்பியை இழுத்துக் காப்பாற்றினார். சிநேகிதன் கிடைக்கவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

நான் போய் இறங்கியபோது குளிர்காலம் முடிகிற நேரம். மலையிலிருந்து கடல் விளிம்பு வரை பனி கிடந்தது. கடல் மட்டும் உறையாமல் கறுப்பாக இருந்தது. ஊருக்குள் நுழைந்ததுமே கருவாட்டு வாடை. வீட்டு உயரத்துக்கு மரச்சட்டம் கட்டி, காட் என்னும் பெரிய மீன்களை இரண்டிரண்டாக வாலைப் பிணைத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். "இதுக்கு வெயிலே வேணாம்க்கா, காத்துலயே காஞ்சிடும்" என்றான் தம்பி. வழியெல்லாம் அவன் பேசியது அவ்வளவுதான்.

மறுநாள் பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒரு முழு மீனைக் கொண்டுவந்து கொடுத்தார். முள் குறைவு. சதை வெள்ளை வெளேரென்று இதழ் இதழாகப் பிரிந்தது. புளியைக் கரைத்துக் குழம்பு வைத்தேன். ஜன்னல் மூடிய அந்த மர வீட்டில் வாசம் வெளியே போக வழியில்லாமல் சுற்றியது. தம்பி தட்டைத் தள்ளி வைத்தான்.

"வெறும் சோறு போடுக்கா."

"உனக்குப் புடிச்ச மீன் கொழம்புடா. இன்னா ஆச்சு?"

"இந்தக் கடல் மீன நான் துன்றதில்ல."

"ஏன்?"

"அவன் இன்னும் உள்ளதான் கீறான்."

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. வாயிலிருந்த கவளத்தை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. நாள் முழுக்க அதே மீனை அறுத்துப் பெட்டியில் அடுக்குகிறவன் எதிரே உட்கார்ந்து தயிர்கூட இல்லாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை என்னைப் படகில் ஏற்றிக்கொண்டு போனான். கனத்த உடுப்பையும் மீறிக் குளிர் எலும்பைத் தொட்டது. கரையோரப் பாறை இடுக்குகளில் மெதுவாகப் படகை விட்டு, கடல்பாசிக் குவியல்களை நீளக் கழியால் புரட்டிப் பார்த்தான். லீவு நாள் ஒன்றையும் அவன் விடுவதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"இன்னும் இன்னாடா கெடைக்கும்?"

"ஒரு பூட்ஸாவது கெடைக்கும்க்கா. அவங்கம்மா கையில குடுக்க எதுனா வேணும்ல?"

ஒரு தீவில் படகைக் கட்டிவிட்டுப் பனியில் கால் புதைய மேலே ஏறினோம். அங்கிருந்து பார்த்தால் கண்ணுக்கு எட்டிய மட்டும் தீவுகள், ஒவ்வொன்றிலும் எத்தனையோ இடுக்குகள். ஓர் ஆயுசு போதாது. அங்கேயே நின்று கெஞ்சினேன், அழுதேன், சட்டையைப் பிடித்து உலுக்கவும் செய்தேன்.

"நீ கெளம்புக்கா. அவன வுட்டுட்டு நான் எப்டி வர்றது?" என்றான். கோபமே இல்லாமல் சொன்னான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தனியாகத் திரும்பினேன். வந்த வாரமே கொரட்டூருக்குப் போனேன். சிநேகிதனின் அம்மா காபி கொடுத்து, நான் சொன்னதையெல்லாம் கேட்டார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் தம்பி வந்துவிடுவான் என்று நினைத்திருந்தேன். அதையும் கேட்டுவிட்டேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவன வர சொல்லாதம்மா. அவனும் வந்துட்டா அங்க என் புள்ளைக்கு யாரு கீறாங்க?"

காபியைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. தீபாவளிக்கு வருவான் என்று மட்டும் சொன்னேன். தீபாவளி வந்து போயிற்று. இப்போது பொங்கலுக்கு என்று சொல்லிவருகிறேன். அம்மா தலையாட்டுகிறாள், நம்புகிற மாதிரி தெரியவில்லை.