ஓய்வில் ஃபெயிலான பெண்ணின் அப்பா

லிஃப்ட் மெக்கானிக்குக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பகையாளிதான். தூக்கம்.

பள்ளி இறுதித் தேர்வுக்கு, ஊரில் உள்ள மற்ற பிள்ளைகளைப் போல அவரும் கடைசி வாரத்தில்தான் புத்தகத்தைத் திறந்தார். மூன்று ராத்திரி பொட்டுத் தூக்கமில்லாமல் படித்தார். கணக்குப் பரீட்சையன்று கேள்வித்தாளைப் பார்த்தால் அத்தனையும் தெரிந்த கேள்விகள். மனசு குளிர்ந்துபோய் ஒரே ஒரு நிமிஷம் கண்ணை மூடினார். அப்புறம் யாரோ தோளைத் தட்டினார்கள். "தம்பி, பரீட்சை முடிஞ்சிடுச்சு, எழுந்திரு." விடைத்தாளில் அவர் பெயர் இருந்தது, கொஞ்சம் எச்சில் இருந்தது, வேறொன்றும் இல்லை. அன்றைக்கு வீடு வரைக்கும் அழுதுகொண்டே நடந்தார்.

லிஃப்ட்டை வடிவமைக்கும் இஞ்சினியராக வேண்டியவர், கிரீஸ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட்டுக்கு மேலே ஏறினார். போனது போகட்டும் என்று வேலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அந்த வேலையிலிருந்து ஒரு கொள்கையும் கிடைத்தது: சத்தம் வருவதற்கு முன்னாலேயே எண்ணெய் விட்டுவிட வேண்டும். பத்து மாடிக் குடியிருப்பு ஒன்றில் நிரந்தர வேலை, மொட்டைமாடியில் மோட்டார் அறையை ஒட்டி இரண்டு அறை வீடு, மனைவி, ஒரு மகள். மகளை எல்லோரும் குட்டி என்பார்கள். லிஃப்ட் மேலே வரும்போதெல்லாம் அந்த வீட்டுத் தட்டுகள் லேசாகக் கிணுகிணுக்கும். குட்டி பிறந்ததிலிருந்து அதுதான் அவளுக்குத் தாலாட்டு.

குட்டி இறுதித் தேர்வு எழுதும் வருஷம் வந்ததும் மெக்கானிக் கொள்கையை இறக்கினார். பள்ளி திறந்த அன்றே ஆரம்பம். சாயங்காலம் அரை மணி நேரம் படிப்பு. அதற்கு மேல் ஒரு வரி படித்தாலும் அப்பாவே புத்தகத்தைப் பிடுங்கி அலமாரியில் வைத்துவிடுவார். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போனால், கடைசி வாரம் காலை நீட்டித் தூங்கலாம், பரீட்சை ஹாலில் விழித்திருக்கலாம். தன்னைப் போல எச்சில் வடித்துவிட்டு வரக்கூடாது, அவ்வளவுதான் அவர் ஆசை. மகள் முதல் மார்க் வாங்க வேண்டும் என்றெல்லாம் இல்லை. விழித்திருக்க வேண்டும்.

திட்டம் பழுதில்லாமல் ஓடியது. குட்டி படித்தாள், சாப்பிட்டாள், கீழே போய்ப் பந்து விளையாடினாள், படுத்தால் அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள். அப்படியே விட்டிருக்கலாம். மெக்கானிக்குக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை.

ஐந்தாம் மாடி அம்மா ஒருநாள் லிஃப்ட்டில் கேட்டார். "என்னங்க மெக்கானிக், பரீட்சை வருஷம்னே தெரியாத மாதிரி உங்க பொண்ணு சிரிச்சிட்டுத் திரியுறா? எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு, மூஞ்சியைப் பார்த்தா பரீட்சை முடிஞ்சு ஃபெயிலான மாதிரி இருக்கு."

"சீக்கிரமே ஆரம்பிச்சிட்டோம்மா, அதான்."

இவ்வளவுதான் சொன்னார். ஐந்தாம் மாடி அம்மாவுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. லிஃப்ட் எட்டாம் மாடி போய்த் திரும்புவதற்குள் கட்டிடம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. சீக்கிரம் என்பது எவ்வளவு சீக்கிரம் என்று ஆளாளுக்கு ஒரு கணக்குப் போட்டார்கள். இந்த வருஷம் எழுதுகிறவனுக்குப் போன வருஷமே ஆரம்பித்திருக்க வேண்டும் என்று இரண்டாம் மாடியில் அழுகை. ஏழாம் மாடியில் தள்ளுவண்டியில் கிடந்த குழந்தைக்கு விரல் சூப்பும் நேரம் போக மீதி நேரத்தில் வேதியியல். நான்காம் மாடிப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமான கையோடு, பிறக்கப்போகும் பிள்ளைக்கு ட்யூஷனில் இடம் பிடித்து வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் அந்தக் குடும்பத்தின் பொறுப்பை மெச்சினார்கள்.

பாதி வருஷம் போவதற்குள் கட்டிடத்துப் பிள்ளைகளெல்லாம் பூசணிப் பூ மாதிரி வாடிவிட்டார்கள். ஆறாம் மாடிப் பையன் லிஃப்ட்டுக்குள் நின்றுகொண்டு, எந்த பட்டனை அமுக்க வேண்டும் என்று தெரியாமல், "கொடுக்கப்பட்டவற்றுள் சரியானது எது?" என்று முணுமுணுத்தான். மெக்கானிக் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றுவிட்டார்.

"சீக்கிரம் ஆரம்பிக்கிறதே பிள்ளைங்க ஓய்வெடுக்கத்தாங்க. நீங்க ஓய்வையே விட்டுட்டீங்களே!"

சங்கச் செயலாளர் ஓய்வுபெற்ற அதிகாரி. எதையும் குழு போட்டுத்தான் செய்வார். அவர் கண்கலங்கி, "நாம சிலபஸ்ல ஒரு பாடத்தையே விட்டிருக்கோம்," என்றார்.

அன்றிலிருந்து ஓய்வும் ஒரு பாடமானது. பள்ளி விட்டு வந்ததும் ஓய்வுப் பயிற்சி. அதில் பின்தங்கியவர்களுக்குத் தனி வகுப்பு. "என் பையன் மற்றதுல எல்லாம் பரவாயில்லைங்க, ஓய்வுல மட்டும் ரொம்ப வீக்," என்று தாய்மார்கள் லிஃப்ட்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மெக்கானிக்குக்கு 'ஓய்வு ஆலோசகர்' என்று பட்டம் கொடுத்து மாலை போட்டார்கள். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே கழுத்தை நீட்டினார். இஞ்சினியர்களும் ஆடிட்டர்களும் வாசலில் நின்று அவரிடம் சந்தேகம் கேட்டார்கள். மனுஷனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, எண்ணெய் டப்பா இருந்த இடத்திலேயே இருந்தது.

இறுதித் தேர்வுக்குக் கொஞ்ச நாள் முன்னால் மாதிரி ஓய்வுத் தேர்வு நடந்தது. தரைத்தளக் கூடத்தில் வரிசையாகப் பாய். பிள்ளைகள் படுத்தார்கள். செயலாளர் செருப்பைக் கழற்றிவிட்டு, இடையில் நடந்து நடந்து மேற்பார்வை பார்த்தார்.

"டேய், பக்கத்துல பார்த்துத் தூங்காதே. சொந்தமாத் தூங்கு."

பக்கத்துப் பையன் கொட்டாவி விட்ட உடனே கொட்டாவி விட்டதற்காக ஒருவனைக் காப்பி அடித்தான் என்று வெளியே அனுப்பினார்கள். மூன்றாம் மாடிப் பெண் கூடுதல் தலையணை கேட்டு வாங்கினாள், அவள்தான் முதலிடம். கடைசி இடம் குட்டிக்கு. ஓய்வு ஆலோசகரின் மகள் ஓய்வில் ஃபெயில்.

"எனக்குத் தூக்கமே வரலைப்பா. ராத்திரிதான் நல்லாத் தூங்குனேனே," என்றாள் குட்டி.

இந்தப் பதிலில் எந்தக் குறையும் கிடையாது. ஆனால் மாலை விழுந்த கழுத்துக்கு அது ஏறவில்லை. ஐந்தாம் மாடி அம்மா வேறு, "பரவாயில்லைங்க, இன்னும் நாள் இருக்கு, தேத்திடலாம்," என்று ஆறுதல் சொல்லித் தொலைத்தார். மெக்கானிக்குக்கு மானம் போய்விட்டது. அதைவிட, பழைய பயம் வந்துவிட்டது. தூங்கத் தெரியாத பிள்ளை ஹாலில் தூங்கிவிட்டால்?

அன்றைக்கு ஆரம்பித்தார். குட்டியைப் பொழுதோடு படுக்கவைத்து, கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். "தூங்கிட்டியா?" என்று கேட்டார். "இன்னும் இல்லப்பா." "ஏன் இல்ல?" கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "இப்ப?" இப்படிக் கேட்டால் செத்தவனுக்கே தூக்கம் கலைந்துவிடும். நாலைந்து ராத்திரியில் குட்டியின் கண்ணுக்குக் கீழே கரி பூசியதுபோல் ஆகிவிட்டது. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து எங்கேயோ வெறித்தாள்.

மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு வெடித்தாள். "ஏங்க, நல்லா ஓடுற மோட்டாரைக் கழட்டிப் பார்க்காதேன்னு ஊருக்கே சொல்லுவீங்களே. அந்தப் பொண்ணை எதுக்குங்க கழட்டிப் போட்டிருக்கீங்க?"

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் மறுநாள் கணக்குப் பரீட்சை. கழற்றியதை மாட்ட நேரம் எங்கே?

பரீட்சையன்று கொள்கைப்படி விடிந்தும் விடியாமல் அப்பாவும் மகளும் கிளம்பினார்கள். பள்ளி பத்து நிமிஷ நடைதான். அவர் போட்ட கணக்குக்கு, வழியில் ஆறு குறுக்கே வந்தால்கூடப் பாலம் கட்டிவிட்டுப் போய்ச் சேரலாம். லிஃப்ட் கதவு சாத்தியது, இறங்கியது, நான்காம் மாடி தாண்டியதும் 'கீ...ச்' என்று ஒரு சத்தம் போட்டு நின்றுவிட்டது.

அந்தக் கீச்சு ஒரு வாரமாகவே வந்துகொண்டிருந்ததாம். கட்டிடத்தில் எல்லோர் காதிலும் விழுந்திருக்கிறது. ஆலோசகர் காதில் மட்டும் விழவில்லை.

லிஃப்ட் கம்பெனியில் வேலை பார்க்கும் கூட்டாளி ஒருவருக்குப் போன் செய்தார். அவர் ஊரின் மறுகோடியிலிருந்து வர வேண்டும். மெக்கானிக்குக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஊர் லிஃப்ட்டையெல்லாம் ஓட்டிவிட்டு, பெற்ற பெண்ணைப் பரீட்சை நாளில் பெட்டிக்குள் அடைத்துவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார். மன்னிப்புக் கேட்கலாம் என்று திரும்பினார்.

குட்டி தரையில் உட்கார்ந்து, அவருடைய ஸ்பேனர் பையில் தலையைச் சாய்த்திருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. சின்ன விளக்கு மட்டும் எரியும் அந்தப் பெட்டியில், நாற்காலி போட்டு உட்கார இடமில்லை, கேள்வி கேட்க ஆளில்லை. பெண் தூங்கிவிட்டாள்.

மெக்கானிக் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாதம் மரத்துப்போனது, மாற்றி வைக்கவில்லை. அதற்குள் வெளியே கூட்டம் கூடிவிட்டது.

"மெக்கானிக்! குட்டி படிச்சிட்டிருக்காளா?" ஐந்தாம் மாடி அம்மாவின் குரல்.

கதவிடுக்கில் வாயை வைத்து, "கத்தாதீங்கம்மா, தூங்குறா," என்றார்.

"தூங்குறாளா?" இது செயலாளர். "ஆழ்ந்த தூக்கமா, அரைத் தூக்கமா? பழைய மார்க்கைத் திருத்தணும்னா குழுவைக் கூட்டணுமே."

"சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும், எல்லாரையும் கூட்டிட்டுப் போயிடுங்க," என்றார் மெக்கானிக். சங்கத்தில் யாரையும் அவர் போகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

கூட்டாளி வந்து மேலே மோட்டார் அறையைத் திறந்தார். போனில், "அண்ணே, எல்லாம் ரெடி. மோட்டாரைக் கையால சுத்தி இறக்கட்டுமா?" என்றார்.

மெக்கானிக் கடிகாரத்தைப் பார்த்தார். கிளம்பின நேரம் அப்படி. இன்னும் நிறைய மிச்சம் இருந்தது. சீக்கிரம் ஆரம்பிப்பதில் இப்படியும் ஒரு நன்மை இருப்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. "இப்ப வேணாம். நான் சொல்றப்ப இறக்கு. டீ குடிச்சிட்டு வா," என்று கிசுகிசுத்தார்.

கடைசியில் லிஃப்ட் அங்குலம் அங்குலமாக இறங்கி மூன்றாம் மாடியில் வந்து நின்றது. குட்டி தானாகவே கண் விழித்தாள். முகத்தில் ஸ்பேனர் பையின் தையல் பதிந்திருந்தது. "போலாமாப்பா?" என்றாள், பழைய குட்டி மாதிரி.

அவளை ஹாலுக்குள் அனுப்பிவிட்டு, பள்ளி வாசலில் இருந்த சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். எத்தனை ராத்திரி நாற்காலியில் கழித்திருப்பார்! மணி அடித்தது கேட்டது. ஒரே ஒரு நிமிஷம் கண்ணை மூடினார்.

யாரோ தோளைத் தட்டினார்கள்.

"பரீட்சை முடிஞ்சிடுச்சு, எழுந்திரிங்க."

தூக்கிவாரிப் போட்டது. பேனாவைத் தேடினார். மடியைத் துழாவினார். விடைத்தாள் எங்கே, ஒரு கேள்விகூட எழுதவில்லையே என்று அழ வாயைத் திறந்துவிட்டார். எதிரே, விரலெல்லாம் மையோடு குட்டி நின்றுகொண்டிருந்தாள்.

"எல்லாத்தையும் எழுதிட்டேன்ப்பா. கடைசி மணி வரைக்கும் முழிச்சுதான் இருந்தேன்."

மெக்கானிக் அப்போது அழுதார். வாயோரத்து எச்சிலைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டு அழுதார். அப்படியொரு சந்தோஷம் அவருக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

"அழாதீங்கப்பா, எல்லாரும் பார்க்கிறாங்க," என்று அவர் கையைப் பிடித்து எழுப்பினாள் குட்டி. "வாங்க, லிஃப்ட்டுக்கு எண்ணெய் விடணும்."