பாலைவனத்தில் வைத்த ரசம்

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். விருந்து வைப்பதே பிழைப்பாகிவிட்டவளுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. செங் என்ற ஊரில் ஒரு ரப்பர் தொழிற்சாலையின் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். கல்லும் தாதுவும் கொட்டிக் கொட்டி இரும்பு இயந்திரங்கள் தேயாமல் இருக்க உள்ளே பதிக்கும் தடித்த ரப்பர் தகடுகளைச் செய்கிறோம். வாங்க வருகிறவர்களை ஏற்றுவது, இறக்குவது, சாப்பிட வைப்பது, அவர்கள் பேச்சுக்குச் சிரிப்பது, இதுதான் என் வேலை. சிரித்துச் சிரித்தே தாடை வலிக்கிறது எனக்கு.

எங்கள் தகடு பல வருடமாக உழைப்பது ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் ஒரு சுரங்கத்தில். நம்பாத வாடிக்கையாளரை அங்கே கூட்டிப்போய்க் காட்டினால் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்பது எங்கள் சீன முதலாளி தவுக்கேயின் சித்தாந்தம். கூட்டிப்போவது அவரா? நான்தான்.

இந்த முறை வந்தவர்கள் ரெம்பியா என்ற ஊர்ப் பக்கத்துத் தமிழர்கள், அண்ணன் தம்பி. பல ஊர்களில் கல் குவாரி வைத்திருக்கிறார்கள். எனக்கும் இந்த ஆர்டர் வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். மாதத்தில் பாதி நாள் நான் ஊரில் இருப்பதில்லை. வாடகைக் காரில் தனியாகப் போய், தலைசுற்றலோடு தனியாக வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்வார். இந்த ஆர்டர் கிடைத்தால் என்னைப் பயணமே இல்லாத ஆபீஸ் வேலைக்கு மாற்றிவிடுவதாகத் தவுக்கே வாக்குக் கொடுத்திருந்தார். அதைச் சொன்ன அன்றைக்கு என் வீட்டுக்காரர் இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பயணத் தேதியைத் தவுக்கே புரட்டாசியில் போட்டுவிட்டார். "பாஸ், இந்த மாசம் அவங்க கவுச்சி தொட மாட்டாங்க," என்றேன். "டிக்கெட் போட்டாச்சுலா," என்றார். முடிந்தது கதை.

பெர்த்தில் இறங்கியதும் ஓர் இந்தியக் கடையைத் தேடிப்பிடித்து அரிசி, புளி, கடுகு, காய்ந்த மிளகாய், ரசப்பொடி, ஒரு சின்ன ரைஸ் குக்கர் எல்லாம் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டேன். அங்கிருந்து குட்டி விமானத்தில் பாலைவனம். சிவப்பு மண், வாய்க்குள் புகும் ஈ, அடுப்படி மாதிரி காற்று. தொழிலாளர்கள் தங்கும் தகர அறைகளில் எங்களுக்கும் ஆளுக்கு ஓர் அறை. கதவிலேயே ஒட்டியிருந்தார்கள், உள்ளே சமைக்கக் கூடாது என்று. குக்கரைப் பெட்டியிலேயே விட்டுவிட்டேன்.

சாப்பாட்டுக் கூடத்தில் எங்கே பார்த்தாலும் மாடு, ஆடு, கோழி. உருளைக்கிழங்குப் பொரியலைத் தட்டில் வைத்துக்கொண்டு அண்ணன் என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, கோழி பொரிச்ச எண்ணெயிலயா இதையும் பொரிச்சாங்க? கேட்டுச் சொல்லும்மா."

கேட்டேன். ஆமாம், ஒரே எண்ணெய்தான் என்று சமையற்காரர் பெருமையாகச் சொன்னார். பொய் சொல்லியிருக்கலாம்தான், மனசு வரவில்லை. அண்ணன் தட்டைத் தள்ளி வைத்தார். "எனக்கும் வேணாங்கா," என்று தம்பியும் தள்ளினார். அன்று முழுக்க ரொட்டியும் வாழைப்பழமும். மறுநாள் காலையிலும் அதே. தகட்டைப் பார்க்க இரும்புப் படிகளில் நாலு மாடி ஏற வேண்டும். கிளம்பும் நேரத்தில் அண்ணன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னால முடியாதும்மா. கண்ண இருட்டுது. நாளைக்கு ஊருக்குப் போயிருவோம். ஆர்டர பெறகு யோசிக்கலாம்."

பிறகு யோசிக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? சுரங்கத்து ஆளிடம் சாயங்காலம் வருகிறோம் என்று கெஞ்சிவிட்டு நேராக என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். கூடாதாம் கூடாது, போங்கடா! குக்கரை எடுத்தேன்.

சோறு பதமாக வந்தது. அதைத் தட்டில் கொட்டிவிட்டு, குக்கரைக் கழுவிப் புளி கரைத்து ரசம் வைத்தேன். அதோடு நிறுத்தியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் தாளிக்காத ரசத்தை விருந்தாளிக்கு எப்படி ஊற்றுவது? ரசத்தை டம்ளர்களில் மாற்றிவிட்டு, எண்ணெய் விட்டுக் கடுகு வெடிக்கக் காத்திருந்து மிளகாயைக் கிள்ளிப் போட்டேன். நெடி கிளம்பியது. கூரையில் இருந்த புகை அலாரச் சனியன் அலறத் தொடங்கியது. என் அறையோடு நிற்கவில்லை, அந்த முகாம் முழுக்க அலறியது.

இரவு வேலை முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் அரைக்கால் சட்டையோடு ஓடி வந்து உச்சி வெயிலில் வரிசையாக நின்றார்கள். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தும்மினார்கள். முகாம் நிர்வாகி அம்மாள் முகம் சிவக்க என்னைப் பிடித்து வாங்கு வாங்கு என்று வாங்கினாள். இந்த வயதில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலைகுனிந்து நின்றேன். பின்னாலிருந்து அண்ணன் குரல் மெதுவாகக் கேட்டது.

"ரசமாம்மா?"

குக்கரைப் பிடுங்கிக்கொண்ட நிர்வாகி, சமைத்ததைச் சாப்பிடவிட்டாள். அறை வாசற்படியில் உட்கார்ந்து இருவரும் பிசைந்து பிசைந்து சாப்பிட்டார்கள். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். பசி அடங்கியதும் பறந்த பத்தும் வந்து உட்கார்ந்துகொண்டன போலும். சாயங்காலம் அண்ணன் என்னை முந்திக்கொண்டு படியேறினார். இயந்திரத்தை நிறுத்தி உள்ளே வெளிச்சம் காட்டினார்கள். தகட்டைத் தடவிப் பார்த்து, "நம்ம செங்குல செஞ்சதாம்மா இது? தேயவே இல்லையே!" என்றார். எனக்கு அப்போதே பாதி வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

திரும்பும்போது பெர்த் விமான நிலையத்தில் என் எதிரிலேயே தவுக்கேக்குப் போன் போட்டார். நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு மலாயில் பேசினார்.

"கையெழுத்துப் போடறோம் தவுக்கே. ஆனா ஒரு கண்டிசன். எங்க எல்லாக் குவாரிக்கும் இந்தத் தங்கச்சிதான் வரணும். வேற ஆள அனுப்பினா ஆர்டர் கேன்சல். அடுத்து எங்க ஈப்போ பங்காளிங்கள இங்க கூட்டிட்டு வரணும், அதுக்கும் இவங்கதான்."

"போலே, போலே!" என்று தவுக்கே மறுமுனையில் சிரித்தார். ஆகட்டும், ஆகட்டும்!

போனை வைத்துவிட்டு அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு பாசம். "ஒனக்கு நல்ல பேரு வாங்கிக் குடுத்துட்டேம்மா."

"ரொம்ப நன்றிண்ணே," என்றேன். கண்ணீர் வந்துவிட்டது. நன்றிக் கண்ணீர் என்று நினைத்து என் தோளைத் தட்டிக் கொடுத்தார். பிறகு நானே தவுக்கேயைக் கூப்பிட்டு அவர் கொடுத்த வாக்கைக் கேட்டேன். "சபார்லா, ரெண்டு வருசம் போகட்டும்," என்றார். பொறுமையாம். யாருக்கு? என் வீட்டுக்காரரின் சிறுநீரகத்துக்கா?

புக்கிட் காத்தில் என்ற ஊரில் எங்கள் வீட்டு கேட்டை என் வீட்டுக்காரரே வந்து திறந்தார். அன்று டயாலிசிஸ் நாள். கையில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது, முகம் வெளிறிக் கிடந்தது.

"கெடைச்சிருச்சா?"

"கெடைச்சிருச்சு."

அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனை நாளாயிற்று! "எனக்குத் தெரியும்லா. டயாலிசிஸ் சென்டருக்குக் கூட்டிட்டுப் போற கார்க்காரத் தம்பிகிட்ட இன்னிக்கே சொல்லிட்டேன். அடுத்த வாரத்துலேர்ந்து வர வேணாம்பா, இனிமே என் சம்சாரம் வீட்லதான் இருப்பான்னு."

பெட்டியை வாசலிலேயே வைத்தேன்.

"அந்தத் தம்பி நம்பரக் கொஞ்சம் குடுங்க," என்றேன்.