நவாஸிடம் சொல்லப் போனேன்

காலை 6.40. கல்முனை பஸ் நிலையத்தில் பொத்துவில் பஸ் ஏறினேன். ஏறக்குறைய எழுபது கிலோமீற்றர். கட்டணம் முந்நூற்றுப் பத்து ரூபாய். கொழும்பிலிருந்து முதல்நாள்தான் வந்து தம்பி வீட்டில் தங்கியிருந்தேன். எங்கே போகிறேன் என்று அவனிடம் சொல்லவில்லை.

போனது நவாஸைப் பார்க்க. பாடசாலை அஞ்சலோட்ட அணியில் நான் மூன்றாவது ஓட்டக்காரன், அவன் கடைசி. மாகாணப் போட்டியில் நாங்கள் முன்னுக்கு வந்துகொண்டிருந்தபோது, நான் அவனிடம் கைமாற்றிய கோல் எங்கள் இருவருக்கும் நடுவில் விழுந்தது. நவாஸ் முந்திப் புறப்பட்டுவிட்டான் என்று எல்லோரிடமும் சொன்னேன். நடந்தது அதுவல்ல. கோல் மாற்றும் பயிற்சிக்கு இரண்டு வாரமாக நான் போகவில்லை. அன்று அவன் பிடிக்குமுன்பே கோலைக் கைவிட்டதும் நான்தான். ஊரே அவனை ஏசியது. அவன் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

போன மாதம் என் மகள் அஞ்சலோட்டத்தில் தோற்று வந்து, “எல்லாம் மத்தப் புள்ளட பிழை வாப்பா” என்றாள். அவளைக் கண்டிக்க எனக்கு வாய் வரவில்லை.

7.35. அக்கரைப்பற்று. பஸ் பாதி காலியானது. திருக்கோவிலுக்கு அப்பால் வீடுகள் குறைந்தன. கோமாரிப் பாலத்தில் உப்புக் காற்று முகத்தில் அடித்தது. சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் என் பிழையைக் குறைத்துக் காட்ட ஏதோ ஒரு சாட்டு வந்து ஒட்டிக்கொண்டது.

9.00. பொத்துவில். ஆட்டோக்காரரிடம் படகு இயந்திரம் திருத்தும் நவாஸ் என்றேன்.

“ஓட்டக்கார நவாஸ் எண்டு கேளுங்க. அப்பதான் ஆக்களுக்கு விளங்கும். இப்பயும் சுபஹு தொழுதிட்டு கடக்கரையில ஓடுவார்.”

இருநூறு ரூபாய் கொடுத்து நவாஸின் பட்டறை வாசலில் இறங்கினேன். நவாஸ் கிறீஸ் கையோடு எழும்பி வந்து, முழங்கையால் என்னை அணைத்தான். பிளேன்டீ வந்தது. குடிக்குமுன்பே சொல்லிவிட்டேன்.

“மச்சான், அண்டைக்குக் கோல விட்டது நான்தான்.”

“ஓம். எனக்கு அண்டைக்கே தெரியும்.”

“பொறகு ஏன்டா கதைக்காம இருந்த?”

அவன் கையைத் துணியில் துடைத்தான். “கோல வாங்க நீட்டின என்ட கையும் கொஞ்சம் கீழ பதிஞ்சுதான் இருந்திச்சி. உன்ட பிழையத் திருத்த எனக்கு ஏலா. என்ட கையத் திருத்த ஏலும். ஆறு மாசம் அதத்தான் செஞ்சன்.”

அடுத்த வருடம் அதே போட்டியில் அவன் அணி வென்றது. அப்போது நான் ஓட்டத்தையே விட்டிருந்தேன்.

“நீ ஏன் மச்சான் ஓட்டத்த விட்ட? என்னவிட நீதானே வேகம்.”

“உன்னாலதான் எண்டு சொல்லித் திரிஞ்சன்.”

அவன் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டான். அவன் மனம் நொந்ததை அப்போதுதான் முதன்முதலாகக் கண்டேன்.

12.15. அவனே பஸ்ஸுக்குக் கொண்டுவந்து விட்டான். சோறு தின்றுவிட்டுப் போகச் சொன்னான், நான் நிற்கவில்லை. மன்னிப்புக் கேட்டால் பாரம் குறையும் என்று நினைத்து வந்தவன் நான். அவன் மன்னித்து வெகுகாலமாகியிருந்தது. பஸ் வடக்கே திரும்பியபோது அவன்மேல் பழியைப் போட்டு நான் ஓடாமல் விட்ட வருடங்கள்தான் நெஞ்சில் நின்றன. எனக்கு நாற்பத்தாறு வயது. நான் எவ்வளவு வேகமாக ஓடக்கூடியவன் என்பது எனக்கே தெரியாமல் போய்விட்டது.