விரல் நுனியில் டிரம்பெட்

பேண்டு செட் வாத்தியங்களைப் பழுது பார்ப்பவனுக்கு ஊதத் தெரியாவிட்டாலும் ஒப்பேற்றிவிடலாம், காது கேட்காவிட்டால் பிழைப்பு நாறிவிடும். நாலு தடவை "என்ன?" என்று கேட்டுவிட்டு, ஐந்தாவது தடவை சும்மா தலையாட்டும் என் இனத்தாருக்கு இது புரியும்.

எல்லாம் சரி

திண்டிவனத்தில் என் பட்டறை. கல்யாணங்களுக்கு டிரம்பெட் ஊதும் விழுப்புரத்து ஏழுமலை, ஒரே ஒரு ஸ்வரத்துக்கு மட்டும் வாத்தியம் கிர்ரென்று இரைகிறது என்று வந்தார். ஊதியும் காட்டினார். எனக்கு எந்த இரைச்சலும் கேட்கவில்லை. வெளியில் சொன்னால் அப்புறம் யார் வருவார்கள்? எண்ணெய் விட்டுத் துடைத்து, "எல்லாம் சரி" என்று கொடுத்தேன். நாலாம் நாளே திரும்பி வந்தார்.

"பேஜாரா பூட்ச்சிண்ணா. டிரம்பெட்டு உடைஞ்சி போச்சான்னு மாப்ள ஊட்டுக்காரங்க கேக்கறாங்க."

கூச்சம்

வேறு வழியில்லாமல், அவரை ஊதச் சொல்லிவிட்டு ஒவ்வோர் இடமாக விரலை வைத்துப் பார்த்தேன். எல்லா இடமும் சீராக அதிர்ந்தது. இரண்டு குழாய்களுக்கு நடுவே முட்டுக் கொடுக்கும் சின்னக் கம்பியில் மட்டும் எறும்பு ஊர்வதுபோல் கூசியது. அதன் ஈயப் பற்று விட்டிருந்தது. மற்ற ஸ்வரங்களுக்குச் சும்மா கிடந்த கம்பி, அந்த ஒன்றுக்கு மட்டும் கூடவே ஆடியிருக்கிறது. ஈயம் வைத்ததும் கூச்சம் நின்றது. என் விரலுக்கு மனசார நன்றி சொன்னேன்.

"இன்னாண்ணா, டாக்டரு மாதிரி நாடி புட்ச்சிக்கினு பாக்கறீங்க?"

திரும்பி நில்லுங்கள்

பொம்மையார்பாளையத்துக்காரர் ஒருவர், தன் பித்தளை டிரம்பெட் கரகரக்கிறது, வெள்ளி முலாம் பூசினால் இனிக்கும் என்று ஒற்றைக் காலில் நின்றார். என்னிடம் இரண்டு மாதிரியும் இருந்தன. அவரைச் சுவர் பக்கம் திருப்பி நிறுத்தி, அன்று வந்திருந்த ஏழுமலையை ஒரே மவுத்பீஸில் மாற்றி மாற்றி ஊதவைத்தேன். ஐந்தில் மூன்று தடவை பித்தளையை வெள்ளி என்றார் மனிதர்.

"அப்போ இத்தினி நாளா கண்ணாலதான் கேட்டுக்கினு இருந்தேனா?"

எட்டு வாத்தியம்

அவர் போனதும், "அவர எதுக்குண்ணா கேக்க வெச்சீங்க? நீங்களே கேட்டு சொல்லக்கூடாதா?" என்றார் ஏழுமலை. அதற்கு மேல் மறைக்க மனசு வரவில்லை. காது போனதைச் சொல்லிவிட்டேன். திருவக்கரைக் கோயில் பௌர்ணமிக்காக அவர் குழுவின் எட்டு வாத்தியங்களும் என்னிடம் வருவதாக இருந்தது. வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் எட்டையும் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"காது கேக்கறவன் எவன்கிட்ட போனாலும், வாத்தியம் நல்லாதான் கீது, நீ ஊதறதுதான் சரியில்லன்றான். நீங்களே பாருங்கண்ணா."

காது கேட்காததால் மூடவேண்டியிருக்கும் என்று நான் பயந்த பட்டறை, ஏழுமலை ஊதுவது என் காதில் விழாத புண்ணியத்தில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.